லேயர் தீவனம் போட்டும் தோல் முட்டை வருகிறது: வேறு என்ன சேர்க்க வேண்டும்?

தாராபுரம்_தோட்டம்:

வணக்கம். இடம் தாராபுரம் பக்கம். கோழிகள் 12: கிராமப்பிரியா 8 (36 வாரம்), சிறுவிடை 4. சிறுவிடையில் ஒன்று 5 வாரக் குஞ்சுகள் ஏழோடு சுற்றுகிறது. எல்லாம் ஒரே கொட்டகை. மதியம் 3 மணிக்குத் திறந்துவிட்டு இருட்டும்போது அடைப்பு.

தீவனம்: காலையில் கம்பெனி லேயர் மேஷ் (முட்டைக் கோழித் தீவனம்) 600 கிராம். சாயங்காலம் அரிசிக் குருணையும் கம்பும் பாதிக்குப் பாதி, மொத்தம் 500 கிராம். சோறு மீந்தால் அதுவும். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரில் கால்சியம் டானிக் 10 மில்லி, ஒரு நாள் மல்டிவைட்டமின். தண்ணீர் போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு.

மூன்று வாரமாக ஓடு மெலிந்து, விரலால் அழுத்தினாலே விரிசல் விடுகிறது. இரண்டு நாளைக்கு ஒரு தோல் முட்டை (ஓடில்லாமல் சவ்வோடு வருவது). இரண்டு கோழி முட்டையைக் கொத்திக் குடிக்கவும் ஆரம்பித்துவிட்டன. மஞ்சள் கருவும் வெளுப்பு. கோழிகள் சுறுசுறுப்பாகத்தான் இருக்கின்றன, கழிச்சல் இல்லை.

டானிக்கைத் தினமும் கொடுக்கலாமா, அல்லது வேறு நல்ல கால்சியம் மருந்து இருக்கிறதா? கடைக்காரர் லிவர் டானிக்கும் சேர்க்கச் சொல்கிறார். குஞ்சுகளும் அந்த மேஷையே தின்கின்றன, அது சரியா?

---

தீவனக்கணக்கு:

டானிக்கை மறந்துவிட்டு முதலில் தராசை எடுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது.

லேயர் மேஷில் புரதம் 17%, கால்சியம் 3.6% என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மூட்டை லேபிளும் இதை ஒட்டித்தான் இருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். 600 கிராமில் புரதம் 102 கிராம், கால்சியம் 21.6 கிராம். குருணையும் கம்பும் கலந்த 500 கிராமில் புரதம் சுமார் 47 கிராம். கால்சியம் கிட்டத்தட்ட பூஜ்யம். மொத்தம் 1,100 கிராம் தீவனத்தில் புரதம் 13.5 சதவீதத்துக்கும், கால்சியம் 2 சதவீதத்துக்கும் இறங்கிவிட்டது. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது புரதம் 12.4 கிராம், கால்சியம் 1.8 கிராம்.

ஒரு முட்டை ஓட்டில் மட்டும் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்னும் கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது, ஏறக்குறைய பாதிதான் சேரும். வாரத்துக்கு 5 முட்டை இடுகிற கிராமப்பிரியாவுக்கு நாளொன்றுக்கு 3.5 கிராமாவது உள்ளே போக வேண்டும். இப்போது அதில் பாதிதான் போகிறது. மீதியை அது தன் எலும்பிலிருந்து எடுத்துப் போடுகிறது. எலும்பு தரும் வரை முட்டை வரும், பிறகு ஓடு மெலியும், அப்புறம் தோல் முட்டை, கடைசியில் கோழி நொண்டும் அல்லது காலை நீட்டிப் படுத்துவிடும். நீங்கள் நடுப் படியில் இருக்கிறீர்கள், எளிதில் திருப்பிவிடலாம்.

டானிக் கணக்கையும் பாருங்கள். லேபிளில் 5 மில்லிக்கு 100 மி.கி. கால்சியம் என்று போட்டிருந்தால், 10 மில்லியில் 200 மி.கி. பன்னிரண்டு கோழிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 17 மி.கி. ஓட்டுக்குத் தேவை 2,000 மி.கி. தினமும் ஊற்றினாலும் அதே கதைதான். அதில் உள்ள டி3 வைட்டமின் கொஞ்சம் உதவும், ஆனால் உங்கள் கோழிகள் வெயிலில் மேய்கின்றன, அதைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும். லிவர் டானிக் வேண்டாம். தானியமும் சோறும் அதிகமாகி ஈரலில் கொழுப்பு கட்டுகிறதென்றால், தானியத்தைக் குறைப்பதுதான் அதற்கு மருந்து.

நாளை முதல் செய்ய வேண்டியது:

மேஷ் நாளுக்கு 1 கிலோ. காலை 6 மணிக்கு 600 கிராம், மாலை 4 மணிக்கு 400. தானியம் கோழிக்கு 10 கிராம், அதாவது 12 கோழிக்கும் சேர்த்து 120 கிராம்தான், அதுவும் கொட்டகைக்குள் கூப்பிட்டு அடைக்கிற நேரத்தில் இறைப்பதற்கு. இப்படிச் செய்தால் புரதம் 16 சதவீதத்தைத் தாண்டிவிடும். கால்சியத்துக்குத் தனியாக ஒரு சட்டியில் கிளிஞ்சல். சோறு வேண்டவே வேண்டாம். நூறு கிராம் சோற்றில் புரதம் மூன்று கிராம்கூடக் கிடையாது, மீதி பெரும்பாலும் தண்ணீர். கழுத்துப் பை ரொம்பிவிட்டால் கோழி மேஷைத் திரும்பிப் பார்க்காது.

குஞ்சுகள் லேயர் மேஷ் தின்பது தவறு. அதை விவரமாகக் கேட்கிறவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன், அல்லது தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

---

கொங்குச்சேவல்:

மேலே சொன்ன கணக்கு சரிதானுங்க. கிளிஞ்சல் விஷயத்துல நாலு வார்த்தை சேர்க்கறேன், ஏன்னா பெரும்பாலானவங்க தப்பு பண்றது அங்கதான்.

முட்டைக்கு ஓடு கட்டறது ராத்திரிலதான் நடக்குது. முட்டை கருப்பைக்குள்ள ஏறக்குறைய 20 மணி நேரம் இருக்கும், அதுல பெரும்பகுதி கோழி அடைஞ்சு தூங்கற நேரம். அப்ப வயித்துல கால்சியம் இருக்கணும். மாவு மாதிரி அரைச்ச சுண்ணாம்புக்கல் தூள் ரெண்டு மூணு மணி நேரத்துல குடலைத் தாண்டிப் போயிரும். அதே கால்சியம் 2 முதல் 4 மி.மீ. துண்டா இருந்தா அரைவைப்பையில (தீனியை அரைக்கற பை) தங்கி, ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். அதனால கிளிஞ்சல் வாங்கறப்ப கொத்தமல்லி விதை அளவுக்கு இருக்கறதைக் கேட்டு வாங்குங்க. தீவனக் கடைல ஷெல் கிரிட்னு கேட்டாத் தருவாங்க. கல் கிரிட்னு வேற ஒண்ணு இருக்கு, அது கருங்கல் துணுக்கு, தானியத்தை அரைக்கறதுக்கு மட்டும் உதவும், கால்சியம் வராது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

வாங்கினது நல்ல சரக்கான்னு பார்க்க, ஒரு ஸ்பூன் எடுத்து கண்ணாடி டம்ளர்ல போட்டு வினிகர் ஊத்துங்க. நல்ல கிளிஞ்சல்னா உடனே பொங்கி நுரைக்கும். வினிகரை மறுபடி மறுபடி மாத்தி ரெண்டு நாள் விட்டா அனேகமாப் பூராவும் கரைஞ்சிரும். அடியில மணல் தங்கிச்சுன்னா அந்த அளவுக்கு மணலுக்குக் காசு குடுத்திருக்கீங்க.

வைக்கற முறை: தீவனத்தோட கலக்காம தனிச் சட்டி. மழை படாத இடம், கோழி நெஞ்சு உயரம். எப்பவும் இருக்கணும். முட்டை இடற கோழி சாயங்காலம் தானா வந்து தேவையான அளவு பொறுக்கும், இடாத கோழி தொடாது. உங்க 12 கோழிக்கு நாளைக்கு 40, 50 கிராம் காலியாகும். மாசம் ஒண்ணரை கிலோ. முதல் வாரம் இதைவிட ரெண்டு பங்கு தின்னா பயப்படாதீங்க, எலும்புல எடுத்ததை அடைக்குது.

சுண்ணாம்புத் தெளிநீர் பத்தி யாராவது சொல்லுவாங்க. ஒரு லிட்டர் தெளிநீர்ல கரையற கால்சியம் ஒரு கிராமுக்குக் கீழதான். கோழி கால் லிட்டர் குடிச்சா 0.2 கிராம். கெடுதல் இல்லை, ஆனா அதை நம்பி இருக்க முடியாது. வெத்தலைச் சுண்ணாம்பையோ சுவத்துச் சுண்ணாம்பையோ குழைச்சுத் தீவனத்துல போடறது மட்டும் கூடவே கூடாது. வாயும் கழுத்துப் பையும் வெந்துரும்.

முட்டை ஓட்டையே திருப்பிப் போடலாம். வெறும் வாணலில நல்லா சூடு பண்ணி, ஓடுன்னு அடையாளம் தெரியாத அளவுக்கு உடைச்சுப் போடணும். பாதி ஓடா அப்படியே வீசினா முட்டை குடிக்கற பழக்கத்துக்கு நாமளே பாடம் எடுத்த மாதிரி. உங்ககிட்ட ஏற்கனவே ரெண்டு கோழி குடிக்குதுங்கறதால இப்போதைக்கு வேண்டாம்.

அந்த ரெண்டு கோழிக்கு: பெட்டியில வைக்கோல் நாலு விரல் கனம், முன்னாடி சாக்குத் திரை தொங்கவிட்டு இருட்டாக்குங்க. காலைல 8 மணிக்கும் 11 மணிக்கும் முட்டையை எடுத்திருங்க. ஓடு கெட்டியானா பாதிப் பிரச்சினை தானாப் போயிரும், மெல்லிசா உடைஞ்சதாலதான் ருசி கண்டிருக்கும்.

---

கால்நடை_நண்பன்:

குஞ்சுகளுக்கு உடனடியாகத் தீவனத்தை மாற்றுங்கள். குஞ்சுக்கும் வளர் கோழிக்கும் கால்சியம் 1% போதும். லேயர் மேஷில் அதைப் போல் மூன்றரை மடங்கு. இட முட்டை இல்லாததால் அந்த அதிகக் கால்சியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வாரக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமில உப்பு படியும். வெளியே பார்த்தால் எச்சம் வெள்ளையாகப் போகும், குஞ்சு வாடும், ஒருநாள் செத்துக் கிடக்கும். வெள்ளைக் கழிச்சல் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள், பயன் இருக்காது.

8 வாரம் வரை குஞ்சுத் தீவனம் (புரதம் சுமார் 20%), பிறகு 16, 18 வாரம் வரை வளர் தீவனம் (16%), முதல் முட்டை தென்படும்போது லேயர். ஒரே கொட்டகையில் இதைச் செய்ய சுலபமான வழி: பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அடியில் மூன்று இடத்தில் செங்கல் துண்டு வைத்து நாலு அங்குலம் உயர்த்துங்கள். குஞ்சு உள்ளே நுழையும், பெரிய கோழி நுழையாது. குஞ்சுத் தீவனத் தட்டு பஞ்சாரத்துக்குள். லேயர் மேஷ் தொட்டியைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அது முடியாது என்றால் தலைகீழாகச் செய்யலாம்: எல்லோருக்கும் வளர் தீவனம், முட்டைக் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தனிச் சட்டியில். 5 வாரக் குஞ்சுக்கு 16% புரதம் குறைவுதான், கரையான் போட்டு ஈடுகட்ட வேண்டும். கிராமப்பிரியா எட்டு இருக்கிற உங்கள் கொட்டகைக்கு நான் பஞ்சாரத்தைத்தான் சொல்வேன்.

குஞ்சுத் தீவனம் வாங்கும்போது லேபிளில் இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தீவனத்தை முட்டைக் கோழிக்கு மீதியாகக்கூடப் போடக் கூடாது. நிகார்பசின் கலந்ததைத் தின்றால் கிராமப்பிரியாவின் பழுப்பு ஓடு வெளுத்துவிடும், மஞ்சள் கருவில் திட்டுத் திட்டாக வரும், மருந்தும் முட்டையில் தங்கும்.

ஓடு மெலிவது எப்போதும் தீவனத்தால் மட்டும் இல்லை. முட்டை எண்ணிக்கை இரண்டு மூன்று நாளில் பாதியாகச் சரிந்தால், ஓடு சுருக்கம் சுருக்கமாகவோ கோணலாகவோ வந்தால், மூக்கில் சளி, பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் எதுவும் கண்டால், கிளிஞ்சல் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்), ஐபி (மூச்சுக்குழல் அழற்சி), ஈடிஎஸ் (முட்டை சரிவு நோய்) ஆகிய மூன்று நோயும் ஓட்டைக் கெடுக்கும். ராணிக்கெட் தடுப்பூசி போட்ட தேதியை ஒருமுறை சரிபாருங்கள். மேய்ச்சல் கோழிக்குக் குடற்புழு நீக்கமும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை. மருந்தும் அளவும் மருத்துவர் சொல்வதுபடி, முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

தாராபுரம்_தோட்டம்:

எல்லோருக்கும் நன்றிங்க. பஞ்சாரம் இன்றைக்கே தூக்கி வைத்தாயிற்று. ஷெல் கிரிட் 2 கிலோ வாங்கி, வினிகரில் போட்டுப் பார்த்தேன், நன்றாகப் பொங்கியது.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, மேஷை 1 கிலோவாக ஏற்றினால் செலவு கூடுகிறது. வீட்டில் மக்காச்சோளமும் கம்பும் இருக்கின்றன, செக்கில் தேங்காய்ப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நாமே கலக்கலாமா? இரண்டு, மஞ்சள் கருவுக்கு அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் பெரணி) போதுமா? மூன்று, வெயில். மதியம் எல்லாம் வாயைத் திறந்து இரைக்கின்றன.

---

தீவனக்கணக்கு:

நாமே கலக்கலாம். ஆனால் சோயாப் புண்ணாக்கு இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை அதுதான் நிரப்புகிறது. சோயாவை முழு விதையாகப் பச்சையாக அரைத்துப் போடக் கூடாது, அதில் உள்ள டிரிப்சின் தடுப்பான் புரதம் செரிப்பதைக் கெடுக்கும். எண்ணெய் ஆலையில் சூடேறி வந்த புண்ணாக்கில் அந்தத் தொல்லை இல்லை.

10 கிலோவுக்கு அளவு:

மக்காச்சோளம் 5.1 கிலோ
கம்பு 800 கிராம்
அரிசித் தவிடு 800 கிராம்
சோயாப் புண்ணாக்கு 1.7 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு 400 கிராம்
கருவாட்டுத் தூள் 500 கிராம்
கிளிஞ்சல் 600 கிராம்
டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) 100 கிராம்
மெத்தியோனின் (இன்னொரு அமினோ அமிலம்) 10 கிராம்
உப்பு 20 கிராம்
லேயர் வைட்டமின் மினரல் பிரீமிக்ஸ், பாக்கெட்டில் 100 கிலோவுக்குச் சொன்னதில் பத்தில் ஒன்று

இதில் புரதம் 17.5% பக்கம் வரும், எரிசக்தி கிலோவுக்கு 2,700 கிலோகலோரியை ஒட்டி, கால்சியம் 3%. மீதிக் கால்சியத்தைத் தனிச் சட்டியிலிருந்து கோழி எடுத்துக்கொள்ளும். டிசிபி பாஸ்பரசுக்காகத்தான். ஓடு மெலிகிறது என்று டிசிபியை ஏற்றுகிறவர்கள் உண்டு, அது எதிர்விளைவு. பாஸ்பரஸ் கூடினால் ஓடு இன்னும் மெலியும்.

கலப்பதில் சறுக்கும் இடம் சின்னப் பொருட்கள். 10 கிராம் மெத்தியோனினை 10 கிலோவில் அப்படியே தூவினால் ஒரு கோழிக்கு நிறைய, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. முதலில் பிரீமிக்ஸ், மெத்தியோனின், உப்பு, டிசிபி நான்கையும் அரைத்த மக்காச்சோளம் அரைக் கிலோவில் கையால் பிசறிக் கலக்குங்கள். அதைச் சோயாவோடு சேர்த்துக் கலக்குங்கள். பிறகு தார்ப்பாயில் எல்லாவற்றையும் கொட்டி, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஆறு ஏழு தடவை புரட்டுங்கள். மக்காச்சோளத்தை ரவை போல உடைக்கச் சொல்லுங்கள். மாவாக அரைத்தால் அலகில் ஒட்டும், கோழி பெரிய துண்டை மட்டும் பொறுக்கித் தின்று மாவை, அதாவது பிரீமிக்ஸையே, தட்டின் அடியில் விட்டுவிடும். அடியில் தங்கியதை வீசாதீர்கள். மறுநாள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் தின்று முடிக்கிற அளவு மட்டும்.

12 கோழி, நாளுக்குத் தலா 90 கிராம் என்றால் 10 கிலோ ஒன்பது நாளுக்கு வரும். அதற்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். தவிட்டில் உள்ள எண்ணெய் கோடையில் சீக்கிரம் காறிப்போகும், வைட்டமினும் வீணாகும்.

கருவாட்டுத் தூள் 5 சதவீதத்துக்கு மேல் போனால் முட்டையில் மீன் வாடை. பழுப்பு முட்டைக் கோழிகளில் இது சீக்கிரம் தெரியும். மணலும் உப்பும் அதிகம் உள்ள கருவாடு மலிவாகக் கிடைக்கும், நாக்கில் வைத்துப் பாருங்கள், கரித்தால் மேலே சொன்ன 20 கிராம் உப்பை நிறுத்திவிடுங்கள்.

தேங்காய்ப் புண்ணாக்கு 10 சதவீதம் வரை போடலாம். நார் அதிகம், லைசின் குறைவு. அதைச் சோயாவுக்குப் பதிலாக நினைக்காதீர்கள், தவிட்டுக்குப் பதிலாக நினையுங்கள். கடலைப் புண்ணாக்குதான் எனக்குப் பயம். ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் வரும், அது முதலில் ஈரலைத் தின்னும், முட்டை மெல்ல மெல்லக் குறையும், வெளியே நோய் எதுவும் தெரியாது. வறுத்தாலும் வெயிலில் போட்டாலும் அந்த நஞ்சு போகாது. புதிதாக ஆட்டிய, கட்டி தட்டாத, மக்கிய வாடை இல்லாத புண்ணாக்கு என்றால் மட்டும், சோயாவில் 400 கிராமைக் கழித்து அந்த இடத்தில் போடலாம். சந்தேகம் இருந்தால் மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வரும்.

மக்காச்சோளத்திலும் இதே ஆபத்து. ஒரு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் தானியம், ஒரு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பு போட்டு மூடிக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாட்டில் சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், காயவைக்காமல் மூட்டை கட்டக் கூடாது. ஒட்டவில்லை என்றாலும் பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிற வரை காயட்டும். சேமிக்க 12 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும்.

மாட்டுக் கலப்புத் தீவனத்தை இதில் சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. அதில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் யூரியாவும் இருக்கலாம். பருத்திக்கொட்டையில் உள்ள காசிபோல் மஞ்சள் கருவைப் பச்சை கலந்த பழுப்பாக்கிவிடும்.

---

கீரைக்கட்டு:

அசோலா பற்றி நிறைய ஆசை காட்டுகிறார்கள், அதனால் உடைத்துச் சொல்கிறேன். பச்சை அசோலாவில் 100 கிராமில் 93 கிராமுக்கு மேல் தண்ணீர். காய்ந்த பொருள் 6, 7 கிராம், அதில் புரதம் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கோழி 50 கிராம் அசோலா தின்றால் கிடைக்கும் புரதம் ஒரு கிராம்கூட இல்லை. தீவனத்தைக் குறைத்துவிட்டு அசோலா போட்டால் முட்டை நிற்கும். ஆனால் மஞ்சள் கரு நிறத்துக்கு அருமையானது. நாளுக்குக் கோழிக்கு ஒரு கைப்பிடி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிச் சாணி வாடை போன பிறகு.

உங்கள் முட்டை வெளுத்ததற்குக் காரணம் குருணை. அரிசியில் நிறமி கிடையாது. மஞ்சள் மக்காச்சோளம் தீவனத்தில் பாதி இருந்தாலே நிறம் வரும். முருங்கைக் கீரையும் வேலிமசாலும் கட்டித் தொங்கவிடுங்கள், தரையில் போட்டால் மிதித்துப் பாழாக்கும். கீரையை நிழலில் காயவைத்து நொறுக்கி 10 கிலோ தீவனத்துக்கு 200 கிராம் சேர்த்தாலும் போதும். பத்து நாளில் மாற்றம் தெரியும், அதற்கு முன் தேட வேண்டாம், கரு உருவாக அத்தனை நாள் ஆகிறது. சூபாபுல் தழை வேண்டாம், அதில் மிமோசின் இருக்கிறது, முட்டையைக் குறைக்கும்.

குஞ்சுகளுக்குக் கரையான்தான் முதல் தரமான புரதம். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு, மட்டை எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் வெயில் ஏறுமுன் நிமிர்த்தினால் பானை நிறைய இருக்கும். தட்டிக் கொட்டினால் ஏழு குஞ்சும் ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடும். கரையான் மருந்து அடித்த தோட்டத்தில் வைக்காதீர்கள்.

---

கொங்குச்சேவல்:

வெயிலுக்கு வர்றேன். வாயைத் திறந்து இரைக்கறதும் ஓடு மெலியறதும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் உள்ளதுதானுங்க. இரைக்கறப்ப கரியமில வாயு அளவுக்கு மேல வெளிய போயிருது. ரத்தத்துல பைகார்பனேட் குறையும். ஓடுங்கறது கால்சியம் கார்பனேட், அந்தக் கார்பனேட்டுக்கு மூலப்பொருளே பத்தாமப் போகுது. அதோட வெயில்ல தீனி எடுக்கறதும் குறையும். அக்னி நட்சத்திரத்துல கிளிஞ்சல் வெச்ச கோழிக்கும் ஓடு கொஞ்சம் மெலியறது இதனாலதான்.

வெயில் உக்கிரமா இருக்கற நாள்ல ஒரு கிலோ மேஷுக்கு 2 கிராம் சமையல் சோடா கலக்கலாம். நீங்களே தீவனம் கலக்கற பட்சத்துல உப்பைப் பாதியாக் குறைச்சுக்கணும். உங்க தண்ணி உப்புங்கறதால அதை மாத்தறதுக்கு முன்னாடி சோடா வேண்டாம்.

அந்த உப்புத் தண்ணியைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். குடிதண்ணில உப்பு கூடினா, தீவனம் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஓடு கெடும். அப்பறம் நல்ல தண்ணிக்கு மாத்தினாலும் சில கோழிக்கு முழுசாத் திரும்பறதில்லை. நாம குடிக்கற தண்ணியையே வைங்க. 12 கோழிக்கு சாதாரண நாள்ல 3 லிட்டர், இப்ப 5, 6 லிட்டர். மண்சட்டியில ஊத்தி மர நிழல்ல ரெண்டு இடத்துல வைங்க, மதியம் ஒரு தடவை மாத்துங்க. வெயில்ல சுட்ட தண்ணியைக் கோழி குடிக்காது, குடிக்காத கோழி தின்னாது.

தீனியைக் காலைல வெளிச்சம் வந்ததும் பாதிக்கு மேல போட்டிருங்க. 11 மணில இருந்து 4 மணி வரைக்கும் தட்டை எடுத்துட்டாலும் பரவாயில்ல, அந்த நேரத்துல தின்னா உடம்புச் சூடு இன்னும் ஏறும். மீதி சாயங்காலம் கிளிஞ்சலோட.

---

தாராபுரம்_தோட்டம்:

நல்ல தண்ணீருக்கு மாற்றிவிட்டேன். எத்தனை நாளில் ஓடு தேறும்? தேறியதா என்று எப்படி அளப்பது? அழுத்திப் பார்த்தே உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

---

கால்நடை_நண்பன்:

அழுத்த வேண்டாம். சமையலில் உடைக்கிற முட்டைகளை, உடைக்கும் முன் ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை உள்ளே கழுவி, சவ்வோடு சேர்த்து ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, அதனால் பத்து ஓடு சேர்ந்த பிறகு மொத்தமாக நிறுங்கள். பத்து முட்டையும் சேர்ந்து 550 கிராம் என்றால் காய்ந்த ஓடு 50 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும். 45க்குக் கீழே என்றால் இன்னும் பற்றாக்குறை. சிறுவிடை முட்டையைத் தனியாகப் பாருங்கள், கிராமப்பிரியாவோடு கலந்து பார்த்தால் குழப்பும்.

தோல் முட்டை ஒரு வாரத்துக்குள் நிற்க வேண்டும், ஓட்டின் கனம் இரண்டு மூன்று வாரத்தில் தேறும். ஒரே ஒரு கோழி மட்டும் தொடர்ந்து தோல் முட்டை இட்டால் அது அந்தக் கோழியின் கருப்பைக் கோளாறு, அதற்காக மற்ற பதினொன்றின் தீவனத்தை மாற்றாதீர்கள். எது என்று தெரிய, சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பஞ்சாரத்தில் தனியாக அடைத்துப் பாருங்கள்.

மூன்று வாரத்துக்குப் பிறகும் எல்லாக் கோழியும் அப்படியே இருந்தால், மூட்டை லேபிளை நம்பாமல் தீவனத்தையே சோதியுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைவிட்டு எடுத்து, கலந்து, அரைக் கிலோ அளவு காய்ந்த பையில் கட்டிக் கொடுங்கள். புரதம், கால்சியம், பாஸ்பரஸ், உப்பு, மணல், அஃப்ளடாக்சின் என்று எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் புரதம் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மூட்டையைத் தைத்த இடத்தில் உள்ள தயாரிப்புத் தேதிச் சீட்டையும் பிய்த்து எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.